மலையேறும் பையில் எதை விடலாம்? எதை விடக் கூடாது?

போன ஞாயிறு பிரான்மலை ஏறினேன். பை ஏழு கிலோ. பாதி வழியிலேயே தோள் கடுத்துவிட்டது. எதைக் குறைப்பது?
(காரைக்குடி வாசகர்)

ஒரு பகல் நடைக்கு ஏழு கிலோ அதிகம்தான். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. முதலில் பையை முகப்பில் கொட்டி, ஆத்தங்குடிக் கல் தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். கண்ணால் பார்த்து எடை சொன்னால் எல்லோருக்கும் தவறும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். வெற்று பிளாஸ்க் இரண்டும் சேர்ந்து 900 கிராம். அதே இரண்டு லிட்டரை லேசான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்தால் காலிப் பாட்டில்கள் 100 கிராம்கூட வராது. மாற்று ஜீன்ஸ் 650 கிராம். அது கீழே வண்டியிலேயே இருக்கட்டும். 350 கிராம் டர்க்கி டவலுக்குப் பதில் ஓர் ஈரிழைத் துண்டு போதும். கழுத்தில் போடலாம், நனைத்துத் தலையில் கட்டலாம், வெயிலில் சீக்கிரம் காய்ந்தும்விடும். பவர் பேங்க் பகல் நடைக்குத் தேவையில்லை, போனை முழுதாகச் சார்ஜ் செய்து எடுத்துப் போங்கள். இவ்வளவிலேயே கிட்டத்தட்ட இரண்டு கிலோ போய்விட்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், தண்ணீரில் கை வைக்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று தெரிந்ததுமே பலருக்கும் அதைத்தான் முதலில் குறைக்கத் தோன்றும். நம் ஊர் வெயிலில் ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். நான்கு மணி நேர நடை என்றால் இரண்டு லிட்டர். மேலே தர்கா பக்கம் கிடைக்கும் என்று நம்பியும் குறைக்க வேண்டாம். குடிக்கக் குடிக்கப் பை தானாக இலகுவாகும், அந்தச் சுமை கூடவே வராது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று 20 கிராமுக்குச் சற்று மேல்தான். அதுவும், உங்கள் மாத்திரைகளும், சிறு டார்ச்சும் கண்டிப்பாக இருக்கட்டும்.

அப்பத்தா நான்கடுக்குத் தூக்கில் சாப்பாடு கட்டித் தருகிறார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்.
(தேவகோட்டை வாசகி)

சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், தூக்கை மட்டும் விடுங்கள். வெறும் தூக்கே முக்கால் கிலோ இருக்கும். “கட்டுச்சோறாகக் கட்டிக் குடுங்க அப்பத்தா” என்று கேட்டுப் பாருங்கள், மகிழ்ந்துபோவார். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை, தணலில் வாட்டிய வாழையிலை, மேலே ஒரு காகிதம். இலை கிழியாது, சோறு மதியம் வரை கெடாது, திரும்பும்போது பையில் பாத்திரமும் இல்லை.

நொறுக்குக்கு மணகோலமோ சீடையோ எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவிலும் வெல்லத்திலும் 4. அதனால் எண்ணெயில் பொரித்த பண்டம் ஒரு கைப்பிடியே நெடுநேரம் தாங்கும். ஓலைக் கொட்டானில் வைத்தால் நொறுங்காது, கொட்டானுக்கும் எடை கிடையாது.

விலை உயர்ந்த மலையேற்றப் பை வாங்கத்தான் வேண்டுமா?
(கானாடுகாத்தான் வாசகர்)

இப்போது வேண்டாம். உள்ளே இருப்பதைக் குறைத்த பிறகு, 20 லிட்டர் அளவுள்ள எந்தப் பையும் போதும். பெரிய பை வாங்கினால் காலி இடத்தை நிரப்பத்தான் கை போகும். பட்டை அகலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எடை குறைத்தும் தோள் வலிக்கிறதே?
(திருப்பத்தூர் வாசகி)

தண்ணீரை வெளிப்பக்கம் வைத்திருப்பீர்கள். கனமானது முதுகை ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் கனத்தால் பை பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நீங்கள் கூன் போடுவீர்கள். பட்டைகளை இறுக்கி, பை இடுப்புக்குக் கீழே தொங்காமல் பாருங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறேன். இதே கணக்குத்தானா?
(குன்றக்குடி வாசகர்)

இல்லை. குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பல நாள் நடை அது. பகல் நடைப் பையில் குறைத்தது போக மிஞ்சும் ஐந்து கிலோகூட உங்களுக்குக் கூடுதல். போர்வை, மாற்று வேட்டி எல்லாம் குழுவின் வண்டியில் போகட்டும். வழியில் தண்ணீர் தருகிறார்கள், ஒரு பாட்டில் போதும். துண்டு, மாத்திரை, கொஞ்சம் பணம், இவற்றுக்கு ஒரு துணிப்பையே தாராளம். வெறுங்காலோடு நடப்பவர் என்றால் ஒவ்வொரு அரைக் கிலோவும் பாதத்தில்தான் இறங்கும். புறப்படும் முதல் நாள் இரவு அந்தத் துணிப்பையையும் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.