இரண்டு மாஸ்டரிடமும் ‘உலக’ சான்றிதழ்: மகளை எங்கே சேர்ப்பது?

கோட்டையூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகளுக்கு ஒன்பது வயது. காரைக்குடியில் இரண்டு கராத்தே வகுப்புகளைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒருவர் ஷோட்டோகான் என்கிறார், இன்னொருவர் கோஜு ரியூ என்கிறார். இருவர் தரும் சான்றிதழிலும் ‘உலக’ என்ற சொல்லும் ஜப்பானிய முத்திரையும் இருக்கின்றன. இரண்டு வருடத்தில் சிங்கப்பூரில் இருக்கும் கணவரிடம் போய்விடுவோம். எந்த பெல்ட் அங்கே செல்லும்?”

அம்மா, உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். நகரத்தார் ஒரே சமூகம்தான்; ஆனால் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில் பிரிவுகள். கராத்தேயில் ஸ்டைல் என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மூலம் ஒகினாவா தீவு. அங்கிருந்து 1922-ல் டோக்கியோ போன கிச்சின் ஃபுனாகோஷியின் வழி ஷோட்டோகான். சோஜுன் மியாகியின் வழி கோஜு ரியூ. ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று இன்னும் இரண்டு பெரிய கிளைகள். ஷோட்டோகானில் கால்களை அகல வைத்துத் தாழ்ந்து நிற்பார்கள். கோஜுவில் நிலை குறுகலாக இருக்கும், மூச்சுப் பயிற்சிக்கு அழுத்தம் அதிகம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று வருடம் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

உங்களைக் குழப்புவது ஸ்டைல் இல்லை, அமைப்பு. ஒரே கோயில் பங்காளிகள் தனித்தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, பிரிவது போல, ஒரே ஸ்டைலுக்குள் பல அமைப்புகள் உண்டு. ஷோட்டோகானில் 1949-ல் தொடங்கிய ஜப்பான் கராத்தே சங்கம் பெரியது. அதன் மூத்த ஆசிரியர்களில் ஒருவரான கனசாவா பிரிந்துபோய்த் தனியாக ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கினார். 1987-ல் தலைமை ஆசிரியர் நாகயாமா இறந்ததும் சங்கமே இரண்டுபட்டு, வழக்கு ஜப்பான் உச்ச நீதிமன்றம் வரை போய் 1999-ல்தான் முடிந்தது. கியோகுஷின் என்ற இன்னொரு ஸ்டைலின் கதை இன்னும் சிக்கல்: 1994-ல் அதைத் தொடங்கிய ஓயாமா இறந்தபின் பல பிரிவுகள் ஏறக்குறைய ஒரே பெயரை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க இயங்குகின்றன. ஆக, சான்றிதழில் உள்ள ‘உலக’ என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சின்ன அமைப்புகளும் அதைப் போட்டுக்கொள்கின்றன.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரித்தது உலக கராத்தே கூட்டமைப்பை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது அதன் விதிகளின்படிதான். ஆனால் அது முதன்மையாகப் போட்டிக்கான அமைப்பு. பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கும்போது பார்ப்பது பெல்ட்டை இல்லை, அங்கீகாரமுள்ள போட்டியில் வாங்கிய இடத்தை. இந்தியாவில் அந்த அங்கீகாரமே ஒரு சங்கத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கை மாறியிருக்கிறது. அதனால் இன்றைய நிலவரத்தை சிவகங்கை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். பெல்ட் தடையில்லாமல் செல்வது பெரும்பாலும் அதே அமைப்புக்குள்தான். எனவே இரு மாஸ்டர்களிடமும் ஒன்றே கேளுங்கள்: “உங்களுக்கு பிளாக் பெல்ட் கொடுத்தது எந்த அமைப்பு, சிங்கப்பூரில் அதற்குக் கிளை இருக்கிறதா?” நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்பட மாட்டார், தன் குருவின் பெயரைச் சந்தோஷமாகச் சொல்வார். சொன்னதை அந்த அமைப்பின் தலைமையிடத்துக்கு எழுதிச் சரிபார்த்துவிடுங்கள். கிளை இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். நானே பிரவுன் பெல்ட்டோடு வேறு ஊருக்குப் போனபோது புது மாஸ்டர் புதிதாகச் சேர்பவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட்டைக் கட்டி நிற்கச் சொன்னார். அன்று ராத்திரி அழுதேன். ஆனால் கற்றது உடம்பிலேயே இருந்ததால் சில மாதங்களில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன்.

அப்புறம், பணம் கட்டும் முன் இரண்டு வகுப்பிலும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கடைசி வரிசையில் நிற்கும் குழந்தையின் முழங்காலைக் குனிந்து திருத்துகிறவர் யார் என்று கவனியுங்கள். நானாக இருந்தால் அவரிடம்தான் சேர்ப்பேன். மாதக் கட்டணம் தவிர பெல்ட் டெஸ்ட், சான்றிதழ், உடை எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தேதியும் தேர்வாளர் கையெழுத்தும் போட்ட பதிவுப் புத்தகம் கேட்டு வாங்கி வையுங்கள். சிங்கப்பூர் மாஸ்டரிடம் காட்ட அது உதவும்.