ரேஸ் கேம்ஷாஃப்டுக்கு ஏற்ற பிஸ்டன்

கேள்வி: என்னிடம் பழைய மாருதி எஸ்டீம் 1.3 கார்பரேட்டர் வண்டி இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட ஆசை. ரேஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்) வாங்கிவிட்டேன். பிஸ்டனும் ஹெட்டும் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) பழையபடியே இருக்கலாமா?
- ஆம்பூர் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. சத்துவாச்சாரியில் பட்டறை போட்ட புதிதில் இதே இன்ஜினில் கேமை மட்டும் மாற்றி ஏலகிரிக்கு ஏற்றினேன். 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்ததும் இழுவை செத்துப்போனது. முதல் கியர் போட்டால்தான் நகர்ந்தது.

ரேஸ் கேம், பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே வரும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும். இன்ஜின் சுற்று குறைவாக இருக்கும்போது, மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். மிச்சத்தைத்தான் அழுத்தும். அதனால் அந்தக் கேமுக்குக் கம்ப்ரஷனையும், அதாவது கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதையும், ஏற்றியாக வேண்டும்.

உங்கள் இன்ஜினுக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 75.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு சுமார் 324.7 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, ஹெட்டுக்கு அடியில் வைக்கும் காஸ்கெட் தகட்டின் கனமும் சேர்த்து, மேலே மிஞ்சும் இடம் 40.6 சிசி என்றால் கம்ப்ரஷன் 9:1. அதை 36.1 ஆக்கினால் 10:1. நம் வேலூர் வெயிலுக்கும் சாதாரண பெட்ரோலுக்கும் அதோடு நிறுத்துங்கள். நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

அந்த இடத்தைக் குறைக்க ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுவதைத்தான் ஃபேஸ் அடிப்பது என்கிறோம். அதற்குக் கொடுக்கும் முன் ஹெட்டில் கலவை எரியும் குழிகளான நான்கு சேம்பரையும், பியூரெட்டில் (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) மண்ணெண்ணெய் விட்டு அளந்துவிடுங்கள். நான் அளந்த ஒரு ஹெட்டில் ஒன்றரை சிசி வித்தியாசம் இருந்தது. பெரியதற்குச் சமமாக மற்றவற்றைத் தேய்த்த பிறகுதான் ஃபேஸ். ஹெட் உயரம் குறைந்தால் கேம் டைமிங்கும் சற்று நகரும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம், பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றிக் களிமண்ணை வெட்டிப் பார்த்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி தெரியும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. நான் விடுகிற அளவு. இதைத் தவிர்த்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே வால்வு வளையலாம்.

பிஸ்டனும் அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடும் நான்குக்கு நான்கு ஒரே எடை இருக்கட்டும். நான் நகைக்கடைத் தராசு வாங்கி, ஒரு கிராமுக்குள் கொண்டுவருவேன். கார்பரேட்டர், சைலன்சர் எல்லாம் கடைசியில்.

பிஸ்டன் வாங்க அவசரம் வேண்டாம். கேமோடு வந்த சீட்டில் டிகிரி (வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும்), லிஃப்ட் (எவ்வளவு உயரம் திறக்கும்) என்று எண்கள் இருக்கும். அவற்றை முதலில் எழுதி அனுப்புங்கள்.