கார் விழுவதற்கு முன் நகரும்

கேள்வி: ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்யப் பழகி வருகிறேன். என்னிடம் காரோடு வந்த ஜாக்கி மட்டும்தான் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அந்த ஜாக்கியால் ஏற்றி, பாதுகாப்புக்கு இரண்டு கான்கிரீட் கல்லை அடியில் கொடுத்துவிட்டு உள்ளே படுத்து வேலை பார்க்கலாமா? டிராலி ஜாக்கி வாங்குவதென்றால் எத்தனை டன் வாங்க வேண்டும்?

பதில்: படுக்காதீர்கள். அந்த ஜாக்கியை நம்பியும் வேண்டாம், கல்லை நம்பியும் வேண்டாம். ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

பாரம் தாங்காமல் ஜாக்கி உடைந்துதான் கார் விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் முதல் கேள்வியே எத்தனை டன் என்று வருகிறது. உண்மையில் எடை அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. முன்சக்கரங்களால் ஓடும் 1,200 கிலோ காரில் ஏறக்குறைய 60 சதவீத எடை முன்பக்கம் இருக்கும். முன்பக்கம் முழுவதையும் தூக்கினாலும் ஜாக்கிமேல் வருவது 700 கிலோ சொச்சம்தான். 2 டன் ஜாக்கிக்கு அது தூசு. விழும் கார் பெரும்பாலும் முதலில் முன்னோ பின்னோ இரண்டு அங்குலம் நகர்கிறது. ஜாக்கி சாய்கிறது. அப்புறம்தான் விழுகிறது. அந்த இரண்டு அங்குலத்தை எப்படித் தடுப்பது என்பதுதான் நம் வேலை.

ஹேண்ட் பிரேக் போதுமா என்றால், போதாது. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிரேக் பிடித்த சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். தரையில் இருக்கும் முன்சக்கரங்களை அந்தப் பிரேக் தொடவே தொடாது. சரி, கியரில் போட்டு நிறுத்தலாமே என்பீர்கள். இங்கேதான் டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு, காலை வாரும். கியர் பிடிப்பது எஞ்சின் ஓட்டும் சக்கரங்களை. அவற்றில் ஒன்றை மட்டும் தூக்கினால், தரையில் இருப்பது ஒரு பக்கம் உருள, மேலே தொங்குவது எதிர்ப்பக்கம் சுற்றி அதற்கு வழிவிடும். கியர் விழுந்தபடியே வண்டி நகரும். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங் நிலையில் இருந்தாலும் இதே கதைதான்.

ஆகவே ஹேண்ட் பிரேக், கியர் இரண்டையும் போடுங்கள். அதற்கு மேல் தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மேட்டில் நிற்கும் லாரிக்குக் கல் போடுவார்களே, அதுதான். ஆனால் கைக்குக் கிடைத்த உருண்டைக் கல்லாக இருக்கக்கூடாது. ஆப்பு வடிவக் கட்டை வேண்டும், டயரோடு ஒட்டி இறுக்கமாக உட்கார வேண்டும்.

தரை சமமான கான்கிரீட்டாக இருக்கட்டும். மண் தரை கூடவே கூடாது. வெயிலில் இளகிய தாரில் ஜாக் ஸ்டாண்டின், அதாவது தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கியின், கால்கள் புதையும். வேறு இடம் இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பிளைவுட் பலகை போடுங்கள். லேசான சரிவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதன் கை நேராக மேலே போவதில்லை, வில்போல வளைந்து போகும். கார் உயர உயர ஒன்று ஜாக்கி உருண்டு இடம் மாற வேண்டும், அல்லது கார் நகர வேண்டும். காரைத்தான் கட்டை போட்டு நிறுத்திவிட்டோமே, ஆகவே ஜாக்கிதான் உருள வேண்டும். அதன் சக்கரத்தில் ஒரு ஜல்லி சிக்கினாலும், மேலே உள்ள கிண்ணம் காரின் தகட்டில் வழுக்கத் தொடங்கும். தொழில் பழகிய காலத்தில் எனக்கே இது நடந்திருக்கிறது. கீழே கிடந்த ஸ்பேனர் நசுங்கியதோடு போயிற்று. அன்றிலிருந்து முதலில் தரையைப் பெருக்கிவிட்டுத்தான் ஜாக்கியை எடுப்பேன். கைப்பிடியை நாலு முறை அடித்ததும் நிறுத்திக் குனிந்து பாருங்கள், கிண்ணம் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று.

உங்கள் காரோடு வந்த திருகு ஜாக்கிக்கு அடிப்பாகம் உள்ளங்கை அகலம்தான். வழியில் ஸ்டெப்னி மாற்ற அது போதும், அதற்கு மேல் ஒரு வேலையும் அதற்குக் கொடுக்காதீர்கள். டிராலி ஜாக்கி போன்ற பெரிய ஹைட்ராலிக் ஜாக்கியும் தூக்குவதற்கு மட்டுமே. உள்ளே ஆயிலைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும் ஒரு சின்ன வால்வும். சீல் தேய்ந்தாலோ, வால்வில் தூசி உட்கார்ந்தாலோ கார் மெல்ல இறங்கும். சில சமயம் மெல்ல இறங்காது. தூக்கிய காரை நிற்க வைப்பது ஜாக் ஸ்டாண்டின் வேலை.

கான்கிரீட் கல்லை ஏன் வேண்டாம் என்கிறேன்? மேல்பரப்பு முழுவதும் பாரம் சமமாகப் பரவினால் அது நன்றாகவே தாங்கும். ஆனால் காரின் அடியில் இருப்பது கத்தி முனை போன்ற தகட்டு விளிம்பு. மொத்தப் பாரமும் ஒரே கோட்டில் இறங்கும்போது கல் வளையாது, முனகாது, ஒரே நொடியில் பிளந்துவிடும். உள்ளே ஓட்டையுள்ள கல் இன்னும் மோசம். செங்கலைப் பற்றிப் பேசவே வேண்டாம். மரம் அப்படியில்லை, நசுங்கும், சத்தம் போடும். கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் இரண்டாவது காவலாக ஏற்கலாம்.

ஸ்டாண்ட் வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். பல் மாட்டி உயரத்தை நிறுத்தும் ராட்செட் வகையில் பல் முழுமையாக மாட்டியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாரத்தை இறக்க வேண்டும். 2020இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே, அந்தப் பல் சரியாக மாட்டாமல் விலகக்கூடும் என்பதுதான். துளைக்குள் இரும்புக் கம்பி நுழைக்கும் வகை பழைய பாணி என்றாலும் என் ஓட்டு அதற்கே.

எங்கே தூக்குவது என்பது காரின் கையேட்டில் படத்தோடு இருக்கும். பொதுவாகக் கதவுக்குக் கீழே, சக்கரங்களுக்குச் சற்று உள்ளே, தகட்டு விளிம்பில் அடையாள வெட்டு இருக்கும். நடுவே பள்ளம் உள்ள ரப்பர் திண்டை வைத்தால் விளிம்பு மடங்காது. ஆயில் சம்ப் (எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டி), கியர் பாக்ஸ், சைலன்சர் குழாய், வெறும் அடித்தகடு இவற்றில் கிண்ணம் படவே கூடாது. பல எலெக்ட்ரிக் கார்களில் அடிப்பரப்பின் பெரும்பகுதியில் பேட்டரி இருக்கும். குறித்த இடத்தை விட்டு விலகினால் செலவு பெரிது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில், அது தானாக உயரம் மாற்றுவதைக் கையேட்டில் சொன்னபடி முதலில் நிறுத்திவிடுங்கள்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள். மேலே நிற்கும் காரில் இறுகிய நட்டோடு மல்லுக்கட்டுவது, அந்த இரண்டு அங்குலத்தை நாமே தள்ளிக் கொடுப்பதற்குச் சமம். கடைசி இறுக்கமும் கீழே இறக்கிய பிறகே, எதிரெதிர் நட்டுகளாக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்).

ஸ்டாண்டில் உட்கார வைத்ததும், வெளியே நின்றபடியே காரைப் பலமாகத் தள்ளிப் பாருங்கள், பக்கவாட்டிலும் முன்னும் பின்னும். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும். அசையவில்லையா, ஜாக்கியை லேசாகத் தொட்டபடி விட்டுவிட்டு, கழற்றிய சக்கரத்தை இன்னொரு காவலாகக் கதவுக்குக் கீழே உள்ளே தள்ளிப் படுக்க வையுங்கள். காருக்குள் ஆள் இருக்கக்கூடாது. வீட்டில் ஒருவருக்கு நீங்கள் அடியில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை டன் என்ற கேள்விக்கு வருகிறேன். சிறிய காருக்கு 2 டன், எஸ்யூவிக்கு 3 டன். அதைவிட முக்கியம், காரின் அடியில் நுழையும் அளவுக்குத் தாழ்வதும், ஸ்டாண்டை வைக்கும் அளவுக்கு உயர்வதும். ஆயில் மாற்ற மட்டும்தான் என்றால் ஜாக்கியே வேண்டாம், ஒரு ஜோடி ராம்ப் (சாய்வு மேடை) வாங்கிவிடுங்கள். முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறி நிற்கும், பின்சக்கரங்கள் தரையிலேயே இருப்பதால் ஹேண்ட் பிரேக்கும் வேலை செய்யும். பின்சக்கரங்களுக்குக் கட்டை மட்டும் மறக்காதீர்கள். பிரேக் பேட் மாற்ற ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். ஆனால் அது சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்காக நீங்கள் காருக்கு அடியில் படுக்க வேண்டியதே இல்லை.