டால்பின்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கே: பாட்டில்மூக்கு டால்பின்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் எப்படித் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள்?

ப: முதுகுத் துடுப்பைப் பார்த்துத்தான். துடுப்பின் பின்விளிம்பு மெல்லியது. தங்களுக்குள் கடித்துக்கொண்டாலும், சுறா கடித்தாலும், படகு உரசினாலும் அங்கே ஒரு வெட்டு விழும். அது எளிதில் மறையாது. வெட்டுகளின் இடம், ஆழம், இடைவெளி எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளமாகிவிடும். நல்ல கேமராவும் பொறுமையும் இருந்தால் போதும். அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள சரசோட்டா விரிகுடாவில் 1970-இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. எது யாருடைய குட்டி, யாருடைய பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய பெண் டால்பின்களும் அந்தக் கணக்கில் உண்டு.

கே: ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடுமாமே?

ப: ஏறக்குறைய உண்மை. ஒவ்வொரு டால்பினும் குட்டிப் பருவத்திலேயே தனக்கென ஒரு சீழ்க்கை ஒலியை அமைத்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்துக் கடலில் ஸ்டெஃபனி கிங், வின்சென்ட் ஜானிக் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஒலிகளைப் போலச் செய்து நீருக்கடியில் ஒலிக்கவிட்டார்கள். தன் ஒலியைக் கேட்ட டால்பின் பதில் கொடுத்தது. பிற ஒலிகளுக்கு அப்படிச் செய்யவில்லை. 2013-இல் வெளிவந்த ஆய்வு இது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2023-இல் வந்த சரசோட்டா ஆய்வு. குட்டி அருகில் இருக்கும்போது தாய் தன் அடையாளச் சீழ்க்கையை இன்னும் உச்சத்துக்கு ஏற்றி ஒலிக்கிறதாம். குழந்தையிடம் பேசும்போது நம் குரலும் அப்படித்தானே ஏறுகிறது!

கே: டால்பின் எப்போதும் சிரித்தபடியே இருக்கிறதே, மகிழ்ச்சியாலா?

ப: இல்லை. தாடையின் அமைப்பு அப்படி. வலியில் துடிக்கும்போதும் அதே முகம்தான்.

கே: தலைக்குட்டிகள் அதிகம் இறப்பது ஏன்?

ப: தாய்க்கு அனுபவம் போதாதது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மின்கருவிகளில் பயன்பட்டு வந்த பிசிபி எனப்படும் வேதிப்பொருள்களை அமெரிக்கா 1979-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் அவை எளிதில் சிதைவதில்லை. சிறு உயிர்களிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து டால்பினுக்கும் ஏறி, தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் தங்கிவிடுகின்றன. ஆண் டால்பினின் உடலில் இந்த நஞ்சு வயதோடு கூடிக்கொண்டே போகும். பெண்ணின் உடலில் முதல் பிரசவத்துக்குப் பின் சட்டென்று குறைந்துவிடும். எங்கே போயிற்று? கொழுப்பு நிறைந்த தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குள் போயிற்று. தாய் பல ஆண்டுகளாகச் சேர்த்த சுமையில் பெரும்பகுதி முதல் குட்டியின் தலையில் விழுகிறது. அடுத்தடுத்த குட்டிகளுக்கு அந்த அளவு வருவதில்லை.

கே: கடலில் திரியும் டால்பினுக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய முடியுமா?

ப: முடியும். ஆழமில்லாத நீரில் வலையால் வளைத்து, படகில் ஏற்றி, தோல் காயாமல் நீரூற்றிக்கொண்டே பார்ப்பார்கள். மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க ஒருவர் இருப்பார். இரத்தம் எடுத்து, நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்த்து, விட்டுவிடுவார்கள். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவு நடந்த மறு ஆண்டு, லூசியானாவின் பரட்டாரியா விரிகுடாவில் இப்படித்தான் சோதித்தார்கள். கடுமையான நுரையீரல் நோயும், ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியில் கோளாறும் தெரியவந்தன. கருவுற்றிருந்தவற்றைத் தொடர்ந்து கவனித்தபோது, 20 சதவீதம்தான் உயிரோடு தங்கிய குட்டியை ஈன்றன. எண்ணெய் படாத வேறொரு டால்பின் கூட்டத்தில் இது 83 சதவீதம். செத்து ஒதுங்கிய உடல்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்தப் பாதிப்பு கணக்கிலேயே வந்திருக்காது.

கே: படகிலிருந்து மீன் போட்டால் என்ன தவறு? பசிக்குத்தானே கொடுக்கிறோம்?

ப: தயவுசெய்து போடாதீர்கள். படகைக் கண்டால் தீனி என்று பழகிய டால்பின் படகின் சுழலும் விசிறிக்கும் தூண்டில் முள்ளுக்கும் அருகில் வந்துவிடும். தாயைப் பார்த்துக் குட்டியும் பழகும். அமெரிக்கக் கடலில் இது சட்டப்படிக் குற்றம். தீனி போடாமல் பார்ப்பதற்கும் அளவு வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சுற்றுலாப் படகு நிறுவனங்கள் ஒன்றிலிருந்து இரண்டான பிறகு, அந்த இடத்தில் டால்பின்கள் குறைந்தன. 2006-இல் ஆய்வு வெளியான பிறகு அரசு உரிமத்தை மீண்டும் ஒன்றாகக் குறைத்தது. எல்லாக் கடலிலும் இப்படி நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

கே: கரையில் ஒதுங்கிய டால்பினை உடனே கடலுக்குள் தள்ளிவிடலாமா?

ப: கூடாது. பெரும்பாலும் நோயுற்றோ அடிபட்டோதான் ஒதுங்குகிறது. தள்ளிவிட்டால் மீண்டும் கரைக்கு வரும், அல்லது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாகும். முதலில் வனத்துறைக்கோ மீட்புக் குழுவுக்கோ சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஈரத்துணி போர்த்தி, நிழல் கொடுங்கள். தலையின் மேலுள்ள மூச்சுத் துளையைத் துணியாலோ தண்ணீராலோ மூடிவிடாதீர்கள். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது, முதுகெலும்பு பழுதாகும். கூட்டத்தையும் நாய்களையும் தள்ளி நிறுத்துங்கள்.