சீரியல் மாதிரி தெரியும் டிவி, பாதியில் திணறும் லேப்டாப்: வீடியோ கேம், வெப் சீரிஸ் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி, "எதை வாங்கினால் சரியாகும்?" என்றே முடிகின்றன. அவற்றில் பலவற்றுக்கு எதையும் வாங்கவே தேவையில்லை.

அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருக்கிறேன். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் கேம் ஓடும் என்கிறார்கள். போடலாமா? என்ன கேம் ஓடும்?
*கல்லூரி மாணவர், பாலக்கோடு*

தம்பி, இந்த வகை லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டைத் தனியாகப் பொருத்த இடமே கிடையாது. போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் லேப்டாப்பை அவர் கையில் கொடுக்காதீர்கள். உங்களுடையதில் கிராபிக்ஸ் வேலையையும் பிராசஸரே பார்க்கிறது. அதற்கு வேண்டிய நினைவகத்தை அந்த 8 ஜிபியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸும், பின்னால் திறந்து கிடக்கும் குரோமும் தங்கள் பங்கை எடுத்தபின் மிச்சம் இருப்பதுதான் கேமுக்கு. அதனால் விளையாடுமுன் குரோமை முழுக்க மூடுங்கள். சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள், பேட்டரியில் ஓடும்போது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமுக்குள் ரெசல்யூஷனை 1280க்கு 720 என்று வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒன்றுதான் அதிக வித்தியாசம் காட்டும்.

எப்போது திணறுகிறது என்று கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக ஓடினால் கேம் உங்கள் கருவிக்குக் கனமானது. சில நொடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் ரேம் நிரம்பிவிட்டது, அல்லது பின்னால் அப்டேட் இறங்குகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எது என்று பார்க்கலாம். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திணறினால் சூடு. மெத்தை மேலோ மடியிலோ வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பலகை மேல் வைத்து, பின்பக்கம் ஒரு விரல் உயரத்துக்கு முட்டுக் கொடுங்கள்.

எஸ்எஸ்டியில் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பாருங்கள். ஜிடிஏ 5 கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும். ஹாலோ நைட் 2017இல் வந்தது, கேட்பது 4 ஜிபி ரேமும் 9 ஜிபி இடமும்தான். செலஸ்டுக்கு 2 ஜிபி ரேம் போதும். நான் முதலில் சொல்வது 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி. 2 ஜிபி ரேம், 500 எம்பி இடம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கிய விவசாய விளையாட்டு. தக்காளி விளையும் ஊர்க்காரருக்கு அதன் கணக்கு உடனே பிடிபடும். ஒரு பருவம் 28 நாள். தக்காளி கோடைப் பயிர், நட்ட 11ஆம் நாள் முதல் காய்ப்பு, பிறகு 4 நாளைக்கு ஒரு பறிப்பு. முதல் தேதி நட்டால் 12, 16, 20, 24, 28 என ஐந்து பறிப்பு. 17ஆம் தேதி நட்டால் ஒன்றே ஒன்று. அதற்குப்பின் நட்டால் விதைக்காசு வீண், பருவம் மாறிய காலை செடி காய்ந்துவிடும். ஒருநாள் தண்ணீர் விடாவிட்டால் செடி சாகாது, ஆனால் அந்த நாள் வளர்ச்சிக் கணக்கில் சேராது. புதிதாக ஆடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் லேப்டாப்பில் ஓடுமா என்ற சந்தேகத்தை இந்த 2 மணி நேரத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். எபிக் ஸ்டோரில் வியாழன்தோறும் இலவச கேம் மாறும். நம் நேரப்படி இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. அந்த வாரத்துக்குள் உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டால் அது உங்களிடமே இருக்கும்.

எங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகிறது. டெஸ்க்டாப்பில் விளையாடிய கேம் இரண்டு முறை அழிந்துவிட்டது. யுபிஎஸ் எத்தனை விஏ (அதன் திறன் அளவு) வாங்க வேண்டும்?
*பிளஸ் டூ முடித்த மாணவி, பென்னாகரம்*

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யுபிஎஸ்', 'எக்கோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எக்கோவில் இருந்தால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் கூடும், விளக்கு ஒருமுறை இமைக்கும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டாலே பல வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடுகிறது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் போதும். அது ஏறக்குறைய 360 வாட் தாங்கும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். சேமித்துவிட்டு அணைக்க அது போதும், தொடர்ந்து ஆட அல்ல. லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், அது இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

கேம் அழிவது பெரும்பாலும் சேமிப்பு எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு நொடியில் கரண்ட் போவதால். திரை ஓரத்தில் சுழலும் குறி இருக்கும்வரை எதையும் அணைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். ஸ்டார்டியூ வேலி ஆடுபவராக இருந்தால் மீட்க வழி உண்டு. கம்ப்யூட்டரில் அது இரவு படுக்கும்போது மட்டுமே சேமிக்கும், முந்தைய நாள் சேமிப்பையும் பெயரின் கடைசியில் 'ஓல்ட்' சேர்த்து அதே ஃபோல்டரில் வைத்திருக்கும். முழு ஃபோல்டரையும் முதலில் வேறு இடத்தில் நகல் எடுங்கள். பிறகு கெட்டுப்போன இரண்டு கோப்புகளையும் நீக்கி, பழையவற்றின் பெயரிலிருந்து அடிக்கோட்டையும் 'ஓல்ட்'டையும் எடுத்துவிடுங்கள். ஒருநாள் விவசாயம்தான் போகும். நகல் எடுக்காமல் இதில் கைவைக்காதீர்கள்.

ஆன்லைன் ஆட்டமாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துப் பயனில்லை. ரவுட்டர் அணைந்து திரும்ப எழுவதற்குள் மேட்ச் முடிந்துவிடும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். அடாப்டரில் அச்சிட்ட வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இருந்தால் இரண்டுக்கும் வேண்டும்.

புது டிவி வாங்கினோம். வெப் சீரிஸ், சினிமா எல்லாமே மத்தியான சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது. அதே டிவியில் பிளேஸ்டேஷன் ஆடினால் பட்டன் அழுத்தி ஒரு நொடி கழித்து குதிக்கிறான். டிவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
*கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி*

திருப்பிக் கொடுக்க வேண்டாம். உங்கள் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. சினிமாவும் பெரும்பாலான வெப் சீரிஸும் நொடிக்கு 24 படம் என்ற கணக்கில் எடுக்கப்படுகின்றன. டிவி அவற்றுக்கு நடுவே இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து நுழைக்கிறது. அசைவு வழுக்கிக்கொண்டு போக, வீடியோ கேமராவில் எடுத்த சீரியல் போலத் தெரிகிறது. கடையில் விளையாட்டுப் போட்டியைப் போட்டுக் காட்ட இது நன்றாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் இயக்கிய நிலையிலேயே வரும். சோனியில் இதற்குப் பெயர் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. படம் பற்றிய செட்டிங்ஸுக்குள் போய் அதை அணையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

கேமில் தாமதம் வருவதும் இந்த வேலையால்தான். அடுத்த படம் வரும்வரை காத்திருந்தால்தானே நடுப்படத்தை உருவாக்க முடியும்? பிளேஸ்டேஷன் மாட்டியுள்ள எச்டிஎம்ஐ பகுதிக்குப் போய் 'கேம் மோட்' போடுங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐக்கும் அமைப்பு தனித்தனி. ஒன்றில் மாற்றிவிட்டு வயரை மற்றொன்றில் செருகினால் பழையபடிதான் இருக்கும். கேம் மோடில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். பிரைட்னஸை ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்காக மோடை மாற்றாதீர்கள். அதற்குப் பிறகும் ஒரு நொடி தாமதம் இருந்தால் ப்ளூடூத் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா பாருங்கள். சத்தம் பிந்தி வந்தாலும் கை பிந்தியதாகவே தோன்றும்.

கூடவே ஒன்று, பலரும் கேட்பது: பேச்சு கேட்கவில்லை, துப்பாக்கிச் சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது. பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து வரும் 5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வரும். இரண்டு சின்ன ஸ்பீக்கர் உள்ள டிவியில் அது மற்றச் சத்தங்களோடு கலந்து அமுங்குகிறது. ஆடியோ பட்டியலில் 5.1 என்று போடாத தடம் இருந்தால் அதற்கு மாறுங்கள். டிவி ஒலி அமைப்பில் 'கிளியர் வாய்ஸ்' போன்ற ஒன்று இருக்கும், அதையும் போடுங்கள்.

தமிழ்க் குடும்பத்தை வைத்து உண்மையிலேயே நல்ல கேம் ஏதாவது வந்திருக்கிறதா?
*பொறியியல் மாணவி, ஓசூர்*

'வெண்பா' ஆடுங்கள். 2023 ஜூலை 31 அன்று வந்தது, டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பது, இவ்வளவுதான் ஆட்டம். இட்லித் தட்டை அடுக்கும் முறையையும் புட்டுக்குழாயில் ஆவி எப்படி ஏறுகிறது என்பதையும் புதிராக்கியிருக்கிறார்கள். வீட்டில் இட்லி ஊற்றியவருக்கு ஒரு பார்வையில் பிடிபடும், மற்றவர்கள் நின்று யோசிப்பார்கள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அவ்வளவு சின்ன கேமுக்கு இந்த விலையா என்று தோன்றினால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். ஆனால் ஆடாமல் விடாதீர்கள். அந்தக் குடும்பத்துப் பையன் வீட்டில் பேசும் தமிழ் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போவதை எழுத்தின் வழியாகவே காட்டியிருக்கும் விதம் அபூர்வமானது.

ஜிடிஏ 6 மொபைலுக்கு வந்துவிட்டதாக நண்பன் ஃபைல் அனுப்பினான். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவ 'அன்னோன் சோர்ஸ்' அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?
*பள்ளி மாணவர், அரூர்*

கொடுக்காதே தம்பி. அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்த தேதி 2026 நவம்பர் 19, அதுவும் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். மொபைல் பதிப்பே அறிவிக்கப்படவில்லை. கம்ப்யூட்டருக்கு எப்போது என்று கேட்டால், ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரிலும் கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலிலும் வந்தது. அதை வைத்துப் பொறுமையை அளந்துகொள். ஏற்கெனவே அந்த ஃபைலை நிறுவியிருந்தால் முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணை. செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்று பார்த்து இந்த ஆப்புக்கான அனுமதியை நீக்கு, பிறகு ஆப்பை நீக்கு. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கியிருந்தால் வங்கி ஓடிபி அவர்கள் கைக்குப் போயிருக்கும். அந்த மொபைலில் அப்பாவின் வங்கிக் கணக்கு இருந்தால் இன்றே அவரிடம் சொல். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யச் சொல்.

ஹாஸ்டலில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். கேமை வைத்து எடுத்த சீரிஸ் பார்க்க ஆசை. கேம் ஆடாதவனுக்குப் புரியுமா?
*கல்லூரி மாணவர், பர்கூர்*

மூன்றைச் சொல்கிறேன். 'ஃபால்அவுட்' கேமின் உலகத்தில் நடக்கும் புதுக்கதை, முதல் சீசன் 8 எபிசோட். ஆடாதவரும் தைரியமாகத் தொடங்கலாம், பின்னால் கேம் ஆடினாலும் சுவை குறையாது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' அப்படியல்ல. முதல் சீசன் 2013இல் வந்த கேமின் கதையையே திரும்பச் சொல்கிறது. என்றைக்காவது அந்த கேமை ஆடும் எண்ணம் இருந்தால் சீரிஸைத் தள்ளிவையுங்கள். 'ஆர்கேன்' இரண்டு சீசன், மொத்தம் 18 எபிசோட், ஒவ்வொன்றும் சுமார் 40 நிமிடம். அதன் மூல கேமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பற்றி ஒன்றும் தெரியாமலே பார்க்கலாம். உங்களுக்கு என் தேர்வு இதுதான். மூன்று மூன்று எபிசோடாகக் கதை ஒரு கட்டத்தில் முடியும்படி அமைத்திருக்கிறார்கள், தேர்வு நேரத்தில் நிறுத்துவது எளிது.

டேட்டா கணக்கு: நெட்ஃபிளிக்ஸில் 'மீடியம்' வைத்தால் மணிக்கு 0.7 ஜிபி, 'லோ' வைத்தால் 0.3, 'ஹை' என்றால் எச்டியில் 3 ஜிபி வரை. ஆர்கேன் மொத்தம் 12 மணி நேரம், மீடியத்தில் எட்டரை ஜிபிக்குள். நாளுக்கு 2 மணி நேரம் வைத்தால் ஆறு நாள். பேக் பெரும்பாலும் நள்ளிரவில் புதுப்பிக்கும். அன்றைய மிச்சத்தை 12 மணிக்கு முன் டவுன்லோடு செய்து வைத்தால் வீணாகாது. 'ஆட்டோ' அமைப்பை மட்டும் நம்பாதீர்கள், சிக்னல் நன்றாக இருந்தால் அது தரத்தை ஏற்றிவிடும்.

ஏழாவது படிக்கும் மகன் என் போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கேமுக்குள் செலவழிக்கும் டைமண்டைப் பணம் கட்டி வாங்கிவிட்டான். பணம் திரும்ப வருமா? இனி வராமல் எப்படித் தடுப்பது?
*தாய், காவேரிப்பட்டணம்*

பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால், அம்மா, 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்திய வரலாற்றில் அந்தக் கொள்முதல் இருக்கிறதா பாருங்கள். அங்கே இல்லையென்றால் அவன் வெளியே ஏதோ தளத்தில் டைமண்ட் வாங்கியிருக்கிறான். அதில் யுபிஐ பின் அவனே போட்டானா, யாரும் லிங்க் அனுப்பினார்களா என்று திட்டாமல் கேளுங்கள். பயந்து மறைத்தால்தான் நேரம் போகும். ஏமாற்று லிங்க் என்றால் 1930.

இனி தடுக்க, பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கும்படி வையுங்கள். வேறு அமைப்பில் விட்டால் ஒவ்வொரு முறையும் கேட்காது. போன் திறக்கும் விரல்ரேகையில் மகன் விரல் பதிந்திருந்தால் இந்தப் பூட்டும் அவனுக்குத் திறக்கும், முதலில் அதை நீக்குங்கள். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியையும் பாருங்கள், மாதாமாதம் பிடிக்கும் அனுமதி ஏதாவது கொடுத்திருந்தால் அங்கே ரத்து செய்யலாம். யுபிஐ பின் எண்ணை மாற்றுங்கள், அவன் பிறந்த வருடத்தை மட்டும் வைக்காதீர்கள்.