லிஸ்பனில் அரை நாள்தான் இருக்கிறது, பழைய நகரத்தில் எங்கே நடக்கலாம்?

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் 28-ஆம் எண் டிராமுக்கு வரிசையில் நிற்பதை விட்டுவிட்டு, பழைய நகரின் தாழ்வான மையமான பாய்ஷா பகுதியில் கால் போன போக்கில் நடங்கள் என்பதுதான் என் கட்சி.

ஆற்றங்கரையில் இருக்கும் பிராசா டு கொமேர்சியு சதுக்கத்தில் தொடங்குங்கள். அரண்மனையும், நம் பக்கத்து மிளகு வந்து இறங்கிய இந்திய வணிக மாளிகையும் இங்கேதான் இருந்தன. 1755 நவம்பர் 1 அன்று பூகம்பம், கடல் அலை, தீ மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டன. அமைச்சர் பொம்பால் நகரை நேர்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டவைத்தார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கூண்டுபோல வைத்திருக்கிறார்கள். நிலம் ஆடினால் கட்டடமும் சேர்ந்து ஆடும், ஆனால் இடியாது. மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களை அணிவகுக்கவிட்டு அதிரவைத்துச் சோதித்தார்கள் என்பார்கள்.

அப்புறம், சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பெரிய வளைவைத் தாண்டியதும் வரும் அகுஸ்தா தெருவில் மெனு அட்டையோடு கூப்பிடுவார்கள். போகாதீர்கள். பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்துவிடுங்கள். பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழில்வாரியாகப் பிரித்துக் கொடுத்த பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

இந்தத் தெருக்களின் மறுமுனையில் இருக்கும் ரோசியு சதுக்கத்தின் தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கல் அலைகள். அழகுதான், ஆனால் தேய்ந்து வழவழப்பானவை. மழை பெய்தால் வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ரோசியுவை ஒட்டியிருக்கும் சாவ் தொமிங்குஸ் தேவாலயம். 1959-இல் உள்ளே தீப்பிடித்தது. கூரையை மட்டும் புதிதாகப் போட்டு, வெந்து வெடித்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கல் பாளம் பாளமாக உரிந்திருப்பது தெரியும். வாசலில், 1506-இல் இங்கே தொடங்கிய யூதர் படுகொலைக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. எதிரே சின்னக் கடையில் ஜிஞ்ஜா என்ற புளிப்புச் செர்ரி மது கிடைக்கும். பழம் போட்டா, போடாமலா என்று கேட்பார்கள், போட்டே வாங்குங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் மேட்டில் ஏறிக் கார்மு மடத்தைப் பாருங்கள். பூகம்பத்தில் கூரை போனதிலிருந்து திறந்த வானம்தான். 1974 ஏப்ரல் 25 அன்று நடந்த புரட்சியில் சர்வாதிகார அரசின் பிரதமர் சரணடைந்த படைமுகாம் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. மடத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை, அதைப் பார்த்து நாளை வைத்துக்கொள்ளுங்கள்.