பருத்தி உடை மட்டும் வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பாலியஸ்டரை ஒதுக்கிப் பருத்திக்கு மாறிவிட்ட நிம்மதியில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒதுக்கியது சரிதான், அதைத் துவைக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் துணுக்குகள் தண்ணீரில் கலக்கின்றன. ஆனால் என்ன நூல் என்று பார்ப்பவர்கள் என்ன நிறம் என்று பார்ப்பதில்லை. நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பருத்திப் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது. உப்புப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். இளமஞ்சள், வெளிர் நீலம் என்றால் கொஞ்சம் போதும். கறுப்பு, கருநீலம், அரக்குச் சிவப்பு என்றால் லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரை போகும். கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட அரைக்கிலோ உப்பு. அது துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

அது எங்கே போனது என்று எங்கள் பக்கம் கேளுங்கள். என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் 1992-ல் கட்டி முடித்த அணையில் சாயத் தண்ணீர் தேங்க, 'திறந்துவிடாதீர்கள்' என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. அப்புச்சி கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவார். வாய்க்கால் காய்ந்தால் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தேங்காய் சுண்டிப்போனது. கடைசியில் எருமைக்குக்கூட அந்தத் தண்ணீரைக் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

"சாயப்பட்டறைச் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு நொய்யலுக்கு அழுகிறாயா" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு, சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. இன்று தண்ணீரையும் உப்புக் கரைசலையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிறோம். ஊரைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அப்படிப் பிரிக்க விறகும் மின்சாரமும் வேண்டும். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அடர்நிறம் குறைந்தால் இதுவும் குறையும்.

குறைய விடுகிறார்களா? உள்ளங்கை அளவுத் துணியில் கறுப்பு ஏற்றி, நிறத்தை ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்புவோம். 'கறுப்பு போதவில்லை, லேசாகச் சிவப்படிக்கிறது' என்று திரும்பி வரும். அதே ஆள்தான் பசுமைச் சான்றிதழ் கேட்பார், விலையையும் குறைக்கச் சொல்வார்.

அவர்களாவது அந்நியர்கள். என் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியை என்ன சொல்வது? திடீரென்று சீருடையை மாற்றினார்கள். பெரியவளுடையது சின்னவளுக்கு ஆகாமல் போனது. வெளியே தைக்கக்கூடாதாம், பள்ளியிலேயே வாங்க வேண்டுமாம். துணியைத் தொட்டாலே கலப்புச் சொல்லிவிடுவேன்: பாதிக்கு மேல் பாலியஸ்டர், விலையோ கடைவீதியைப் போல இரண்டு மடங்கு. கேட்டால் 'நிர்வாகத்தின் முடிவு' என்கிறார்கள். இதில் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று வேறு கொண்டுவரச் சொல்கிறார்கள்.

கேள்விக்கு வருகிறேன். வெளிர் நிறமாக வாங்குங்கள், இருப்பதைக் கிழியும்வரை போடுங்கள். துண்டு, போர்வை, பை போன்றவற்றுக்குக் கட்டிங் வேஸ்ட் நூலில் செய்ததைத் தேடுங்கள். பனியன் கம்பெனியின் வெட்டுத் துணியை நிறவாரியாகப் பிரித்து, திரும்பப் பஞ்சாக்கி, குட்டை இழையையும் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் நூற்கிறார்கள், பழைய நிறமே நூலின் நிறமாகிவிடுவதால் புதிதாகச் சாயம் வேண்டியதில்லை. இழை குட்டையானதால் சொரசொரப்பு இருக்கும். நைஸாக இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கறுப்பை விடவே முடியாது என்றால் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போங்கள். நிறம் சற்று மாறியதற்காக ஏற்றுமதியில் கழித்த சரக்கு அங்கே வரும். அதற்கு உப்பு செலவானது செலவானதுதான், நீங்கள் வாங்குவதால் கூடப்போவதில்லை. உட்புறத்தைத் திருப்பி, அக்குள் தையலை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஓட்டை விழுந்த துணியும் அந்தக் குவியலில்தான் கிடக்கும்.